புகைபோக்கிக்கும் ஒரு கணக்கு உண்டு

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்குக் கோடியில், ஆந்திரமும் தமிழகமும் கர்நாடகமும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் மேட்டுநிலமே குப்பம் வட்டாரம். கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கும் மேலான உயரம். அவ்வட்டாரத்தைச் சேர்ந்த சாந்திபுரத்தில் தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே திண்ணையில் புழங்கும். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைக் குளிர் கதவிடுக்கு வழியே உள்ளே நுழையும். சமையலுக்கு எரிவாயு அடுப்பு வந்துவிட்ட வீடுகளிலும், குளிக்க வெந்நீர் வைக்கவும், மாட்டுக்குத் தீவனம் வேகவைக்கவும், விருந்து நாளில் பெரிய பாத்திரம் ஏற்றவும் விறகடுப்பு இன்னும் ஓய்வு பெறவில்லை.

அத்தகைய ஒரு வீட்டிற்கு இவ்விதழுக்காகச் சென்றிருந்தோம். அவ்வீட்டு அம்மையார் எங்கள் வங்கியின் வாடிக்கையாளர்; சுய உதவிக்குழு உறுப்பினர். புகைபோக்கி வைத்த மண் அடுப்பு அவரது சமையலறையில் பல ஆண்டுகளாக நன்றாக எரிந்து வந்தது. ஆனால் கடந்த மழைக்காலம் முதல் புகை குழாய் வழியே மேலே போகாமல் முகத்தை நோக்கித் திரும்புகிறது. கண் எரிச்சல், இருமல். அடுப்பை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டச் சிறு கடன் கிடைக்குமா என்று அவர் கேட்டார்.

கூட இருந்த கொத்தனாரிடம், “இதை இடிச்சிட்டு வேற கட்ட வேண்டியதுதானா அண்ணா?” என்றார் அம்மையார். “இடிக்க வேண்டாம்மா, முதல்ல குழாயைக் கழற்றிப் பார்ப்போம்” என்றார் அவர். கழற்றிப் பார்த்தபோது 4 அங்குல அகலமுள்ள குழாயில் ஓர் எலுமிச்சம்பழம் நுழையும் அளவே வழி எஞ்சியிருந்தது. மீதியிடம் முழுவதையும் பளபளக்கும் கறுப்புப் பிசின் அடைத்துக்கொண்டிருந்தது. அடுப்பில் குறை ஏதுமில்லை; குழாய்தான் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

கடன் விண்ணப்பம் எழுதப்படவில்லை. ஆனால் அன்று கண்ட அந்தக் கறுப்புப் பிசினைப் பற்றி எல்லா வாடிக்கையாளர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அது வீட்டின் காற்றைக் கெடுக்கிறது, விறகை வீணாக்குகிறது, சில வேளைகளில் கூரையையே எரித்துவிடுகிறது. அதைத் தடுப்பதற்கோ பெரும் செலவில்லை.

அந்தப் பிசின் எங்கிருந்து வருகிறது?

விறகு எரிகிறது என்கிறோம். உண்மையில் விறகு சூடேறும்போது அதிலிருந்து வெளிவரும் ஆவிகளே பெரும்பாலும் சுடராக எரிகின்றன. அவ்வாவிகள் முழுவதும் எரிய ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பமும் போதிய காற்றும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அவை எரியாமல் புகையாக மேலே செல்கின்றன. ஆகவே புகை என்பது எரியாமல் தப்பிய விறகு. காசு கொடுத்து வாங்கி, பயன்படுத்தாமல் வெளியே அனுப்பிய எரிபொருள்.

அப்புகை குழாயில் ஏறும்போது குழாயின் உட்சுவர் சுமார் 120 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தால், குளிர்ந்த நீர் நிரம்பிய செம்பின் மேல் வியர்வை துளிர்ப்பதுபோல, நீராவியும் தார் ஆவியும் சுவரில் படிகின்றன. நீர் உலர்கிறது, தார் தங்குகிறது. அதன்மேல் கரித்தூள் ஒட்டுகிறது. நாளுக்கு நாள் அடுக்கு ஏறுகிறது. இதனை வேதியியலார் கிரியோசோட் என்பர். இக்கட்டுரையில் நாம் கரிப்பிசின் என்றே சொல்வோம்.

கிரியோசோட் என்ற பெயரைச் சூட்டியவர் ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் வான் ரைக்கன்பாக். 1832-ஆம் ஆண்டு அவர் மரத்தாரிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். கிரேக்க மொழியில் ‘இறைச்சியைக் காப்பது’ என்பது அச்சொல்லின் பொருள். புகையிலிட்ட இறைச்சியும் மீனும் கெடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய ரயில் பாதைகளின் மரக்கட்டைகள் மக்காமல் இருக்கப் பூசப்பட்டதும் கிரியோசோட் என்ற பெயர் கொண்டதே. ஆனால் அது நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கப்பட்டது. உணவையும் கட்டையையும் காத்த இப்பொருள் நம் புகைபோக்கிக்குள் தங்கும்போது பகையாகிறது. ஏனெனில் அது தீப்பிடிக்கக் கூடியது.

மூன்று பருவங்கள்

கரிப்பிசின் ஒரே நாளில் கெட்டியாவதில்லை. முதற்பருவத்தில் அது உலர்ந்த ஒட்டடைபோல் இருக்கும். தென்னைநார்த் துடைப்பம் பட்டாலே உதிரும். இரண்டாம் பருவத்தில் பளபளப்பான கறுப்புச் செதில்களாக மாறும். அழுத்தித் தேய்த்தால் பெயரும். மூன்றாம் பருவத்தில் உருகி வழிந்து இறுகிய தார்போல், கண்ணாடி பூசியதுபோல் குழாயோடு ஒன்றிவிடும். அந்நிலையில் துடைப்பம் பயனற்றது. பெரும்பாலும் குழாயையே மாற்ற நேரிடும். முதற்பருவத்தில் ஒரு மணி நேர உழைப்பில் முடிவது, மூன்றாம் பருவத்தில் செலவாக வளர்ந்து நிற்கிறது. தவணை தவறிய கடனில் வட்டி ஏறுவதைப் போன்றதே இது.

படிவு எவ்வளவு வழியை அடைக்கிறது என்பதற்கு ஒரு சிறு கணக்கு. 4 அங்குலக் குழாயில் சுற்றிலும் அரை அங்குலம் மட்டும் படிந்தால் எஞ்சும் வழி 3 அங்குலம். பார்வைக்குக் கால் பங்கு குறைந்ததுபோல் தோன்றும். ஆனால் புகை செல்வது வட்டத்தின் பரப்பு வழியே அல்லவா? 16-இல் 9 பங்கு மட்டுமே மிஞ்சுகிறது. ஏறத்தாழப் பாதி வழி அடைபட்டுவிட்டது. ஓர் அங்குலம் படிந்தால் நான்கில் ஒரு பங்கே மிஞ்சும். வழி குறுகும்போது இழுவை குறைகிறது. இழுவை குறையும்போது தீ மந்தமாகிறது. மந்தமான தீ மேலும் புகைகிறது. அப்புகை மேலும் படிகிறது. இந்தச் சுழலில்தான் சாந்திபுரத்து அடுப்பு சிக்கியிருந்தது.

நாடு கற்ற பாடம்

புகையில்லா அடுப்பு நமக்குப் புதிதன்று. 1940-களில் வார்தாவின் மகன்வாடியில், கிராமத் தொழில்களை வளர்த்தவர்கள் மகன் சூல்ஹா என்னும் அடுப்பை உருவாக்கினர். ஹைதராபாத்தைச் சேர்ந்த பொறியியலாளர் எஸ்.பி. ராஜு, கோடிக்கணக்கான வீடுகளுக்குப் புகையற்ற சமையலறை அமைவதைக் குறித்து 1953-இல் ஒரு நூலே வெளியிட்டார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கிராமங்களுக்கான தொழில்நுட்பத்திற்கென 1974-இல் தொடங்கப்பட்ட அஸ்த்ரா மையம், மூன்று பாத்திரங்கள் வைக்கக்கூடிய, புகைபோக்கி கொண்ட அஸ்த்ரா ஒலெ என்னும் அடுப்பை 1980-களில் பரப்பியது. கன்னடத்தில் ஒலெ என்றால் அடுப்பு.

நடுவண் அரசு 1980-களின் தொடக்கத்தில் மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 2002-இல் அது முடியும்வரை நாடெங்கும் 3 கோடிக்கும் அதிகமான அடுப்புகள் அமைக்கப்பட்டன. ஆனால் அவற்றுள் பல, சில ஆண்டுகளிலேயே பயன்பாட்டிலிருந்து விலகின. காரணத்தை ஒடிசாவில் நடந்த ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. ரெமா ஹன்னா, எஸ்தர் டூஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் 44 கிராமங்களில் சுமார் 2,600 குடும்பங்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். புகைபோக்கி அடுப்பு பெற்ற வீடுகளில் சமைப்பவர் உள்ளிழுத்த புகை முதலாண்டில் குறைந்தது. அடுத்த ஆண்டுகளில் அந்நன்மை மறைந்துவிட்டது. அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தாததும் பராமரிக்காததுமே அவர்கள் கண்ட காரணங்கள்.

இவ்வாய்விலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றே. புகைபோக்கி அமைத்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. அடுப்பை விலை கொடுத்தோ உழைப்பைக் கொடுத்தோ பெறுகிறோம். அது தரும் நலத்தை மட்டும் மாதந்தோறும் பராமரிப்பைக் கொடுத்தே பெற முடியும். வீட்டுக்குள் சூழும் புகையால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 32 லட்சம் உயிர்கள் போவதாக உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டிற்குக் கணித்துள்ளது. அடுப்பங்கரையில் அதிக நேரம் இருக்கும் பெண்களும், அவர்கள் மடியிலும் இடுப்பிலும் இருக்கும் குழந்தைகளும் அப்புகையை முதலில் சுவாசிக்கிறார்கள்.

விறகில் எவ்வளவு நீருக்கு விலை கொடுக்கிறோம்?

கரிப்பிசினைத் தடுக்கும் முதல் வழி குழாயில் இல்லை. விறகுக் குவியலில் இருக்கிறது. அன்று வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். எடை போட்டு 100 கிலோ பச்சை விறகு வாங்கினால் 50 கிலோ நீருக்கும் சேர்த்தே பணம் தருகிறோம். அவ்விறகு நன்கு உலர்ந்து, ஈரம் 20 விழுக்காட்டிற்கு இறங்கும்போது எடை 62 அல்லது 63 கிலோவாகவே இருக்கும். விலையை ஒப்பிடும்போது இதை நினைவில் கொள்ளுங்கள். பச்சை விறகு மலிவாகத் தோன்றலாம். உலர்ந்த விறகின் விலையோடு நேர்செய்து பார்த்தால் அது மலிவன்று.

பச்சை விறகை அப்படியே எரித்தால் அதிலுள்ள நீரை ஆவியாக்கவே விறகு தரும் வெப்பத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு செலவாகிறது. அதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. நீராவி தீயைக் குளிரவைக்கிறது. குளிர்ந்த தீ புகைகிறது. குளிர்ந்த புகை குழாயில் பிசினாகப் படிகிறது. விறகு ஈரமாக இருக்கும் வரை எந்த நல்ல அடுப்பும் நல்ல அடுப்பாக இருக்க முடியாது.

சித்தூர் மாவட்டத்து வீடுகளில் மாந்தோப்பில் கழித்த கிளைகள், பட்டுப்புழு வளர்ப்போர் வெட்டும் மல்பெரிக் குச்சிகள், தைல மரக் கட்டைகள், புளி, வேம்பு, கருவேலம் எனப் பலவகை விறகு கிடைக்கிறது. எந்த மரம் என்பதைவிட எவ்வளவு உலர்ந்தது என்பதே முதன்மையானது. கோடையில் வெட்டிப் பிளந்து, தரையில் படாமல் கற்கள் மேல் அடுக்கி, மேற்புறம் மட்டும் தகரத்தால் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுங்கள். மெல்லிய கிளைகள் ஒரு கோடையிலேயே உலரும். பருத்த கட்டைகளைப் பிளந்து ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை வைத்திருப்பது நல்லது. முழுக்கவும் தார்ப்பாயால் போர்த்தினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

உலர்ந்ததா என்று அறிய மூன்று எளிய சோதனைகள் உண்டு. இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் ஈரம் உண்டு. வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வெடிப்புகள் தெரிய வேண்டும். இன்னும் உறுதி வேண்டுமானால் ஒரு துண்டிற்கு அடையாளமிட்டு, வாரம் ஒருமுறை தராசில் நிறுத்து எழுதி வாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் காற்றில் உலரக்கூடிய அளவு உலர்ந்துவிட்டது என்று பொருள்.

சுடர் வேண்டும், மூட்டம் வேண்டாம்

இரண்டாவது வழி தீயை நடத்தும் முறை. மெல்லிய சிராய்களால் தீ மூட்டி, சுடர் நன்கு பிடித்த பின்னரே கையளவு பருமனுள்ள விறகை வையுங்கள். ஒரே நேரத்தில் அடுப்பு வாயை அடைக்குமளவு திணித்தால் காற்று நுழைய வழியில்லை. இரண்டு மூன்று துண்டுகளை நுனிகள் நெருங்கியிருக்குமாறு வைத்து, எரிய எரிய உள்ளே தள்ளுவதே நம் பாட்டிமார் கண்ட முறை; அதுவே சரியான முறையும் ஆகும். சாம்பல் நிரம்பினால் அடியிலிருந்து காற்று வராது. ஆகவே நாள்தோறும் சாம்பலை அள்ளுங்கள்.

இரவெல்லாம் கணப்பு இருக்கட்டும் என்று பெரிய கட்டையை வைத்துக் காற்றை அடைத்து மூட்டம் போடுவது பலருடைய வழக்கம். கரிப்பிசின் மிக விரைவாகப் படிவது அப்பொழுதுதான். நீண்ட நேரம் புகைவதைவிடக் குறைந்த நேரம் சுடர்விட்டு எரிவது விறகுக்கும் நல்லது, குழாய்க்கும் நல்லது.

தீ சரியாக எரிகிறதா என்பதை முற்றத்தில் நின்றே அறியலாம். மூட்டிப் பத்து நிமிடங்கள் கழித்து வெளியே வந்து குழாயின் வாயைப் பாருங்கள். புகை கண்ணுக்குப் புலப்படாமலோ, மெல்லிய வெண்ணிறமாகவோ இருந்தால் நன்று. அடர்ந்த சாம்பல் நிறப் புகை தொடர்ந்து வந்தால் விறகில் ஈரம் உள்ளது, அல்லது காற்று போதவில்லை. நெகிழிப் பைகள், ரப்பர், வண்ணம் பூசிய மரம், பிளைவுட் ஆகியவற்றை அடுப்பில் எரிக்கவே கூடாது. அவற்றின் புகை நஞ்சு, படிவும் மிகுதி.

குழாயின் அமைப்பும் கவனத்திற்குரியது. இயன்றவரை நேராக, வளைவுகளின்றி இருக்க வேண்டும். குழாயின் பெரும்பகுதி வீட்டிற்குள்ளேயே சென்றால் சூடு தங்கும். வெளிச்சுவரை ஒட்டி நீண்டு சென்றால் குளிர்ந்து பிசின் சேரும். கூரையை விட்டு வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயரம் வேண்டும். 10 அடித் தொலைவிற்குள் அதைவிட உயர்ந்த கூரைப் பகுதி இருந்தால் அதற்கும் 2 அடி மேலே செல்ல வேண்டும். உச்சியில் மழை புகாதபடி ஒரு மூடி அவசியம். ஓலைக் கூரை, மரச்சட்டம் ஆகியவற்றைக் குழாய் தொடாதவாறு தகரத் தடுப்பு அமைத்து இடைவெளி விடுங்கள்.

மறந்துபோன மற்றொரு குழாய்

இவ்வட்டாரத்திலும் தமிழகத்திலும் பல வீடுகளின் பின்கட்டில் செம்பு பாய்லர் ஒன்று நிற்கும். நடுவே நெருப்புக் குழாய், அதைச் சுற்றிலும் நீர். தேங்காய் மட்டை, பாளை, அட்டைப்பெட்டி என்று கிடைத்ததையெல்லாம் அதில் போட்டு வெந்நீர் காய்ச்சுகிறோம். சுற்றிலும் குளிர்ந்த நீர் இருப்பதால் அந்நடுக்குழாயின் சுவர் தொடக்கத்தில் எப்பொழுதும் குளிர்ந்தே இருக்கும். கரிப்பிசின் படிய இதைவிட ஏற்ற இடம் வேறில்லை.

படிந்த கரி வெப்பத்தை எளிதில் கடத்தாது. தீக்கும் நீருக்கும் இடையே போர்வை விரித்தாற்போல் அது நிற்கிறது. ‘முன்பெல்லாம் சீக்கிரம் காய்ந்தது, இப்போது நேரமாகிறது’ என்று தோன்றினால் பாய்லர் பழசாகிவிட்டது என்று எண்ணுமுன் நடுக்குழாயைத் துடைத்துப் பாருங்கள். தென்னைநார்க் கட்டு ஒன்றைக் கோலில் கட்டி மேலிருந்து கீழாகத் தேய்த்தால் போதும். குளிர்காலத்தில் நாள்தோறும் பயன்படுத்துவோர் இதனை மாதம் இருமுறை செய்யலாம். வெயில் வளமுள்ள நம் ஊர்களில் சூரிய வெந்நீர்க் கருவியைப் பற்றி எண்ணிப் பார்ப்பதும் நீண்டகால நோக்கில் நல்ல முதலீடு.

துடைக்கும் நாள்

எப்பொழுது துடைப்பது? நாட்டில் வழங்கும் இரண்டு திருநாள்களே விடை தருகின்றன. ஆயுத பூஜையன்று கருவிகளைத் துடைத்துப் பொட்டிடுகிறோம். குளிர் தொடங்குமுன் புகைபோக்கியையும் அக்கருவிகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். போகியன்று பழையன கழிக்கிறோம். குளிர்காலத்தின் நடுவே சேர்ந்த படிவை அன்று கழிக்கலாம். நாள்தோறும் எரியும் சமையல் அடுப்பின் சிறிய குழாய்க்கு இவ்விரண்டு நாள் போதாது. மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். அமாவாசையோ மாதத்தின் முதல் ஞாயிறோ, ஒரு நாளைக் குறித்துக்கொண்டால் மறக்காது.

அளவுகோல் உங்கள் சுருக்குப்பையிலேயே இருக்கிறது. இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனம் வரும். படிவு அக்கனத்தை எட்டிவிட்டால் அடுத்த முறை தீ மூட்டுமுன் துடைத்தாக வேண்டும்.

துடைக்கும் முறை வருமாறு. அடுப்பு ஒரு முழு நாள் அணைந்து குளிர்ந்திருக்க வேண்டும். மூக்கையும் வாயையும் துணியாலோ முகக்கவசத்தாலோ மூடி, கையுறை அணிந்து, கண்களைக் காத்துக்கொள்ளுங்கள். அடுப்பின் வாயை ஈரச் சாக்கால் அடையுங்கள். உச்சியிலுள்ள மூடியைக் கழற்றி, நீண்ட மூங்கிலில் கட்டிய நார்த் துடைப்பத்தை மேலும் கீழுமாக இயக்குங்கள். கூரை மேல் ஏறுவோர் தனியாக ஏறலாகாது. ஏணியைப் பிடிக்க ஒருவர் கட்டாயம் வேண்டும். கீழே விழும் கரியை இரும்பு வாளியில் அள்ளி மூடிவையுங்கள். சாம்பலுக்குள் கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடிருக்கும். வைக்கோற்போர் அருகிலோ குப்பைமேட்டிலோ உடனே கொட்டக் கூடாது.

கரியை எளிதாக எண்ண வேண்டாம். லண்டனில் புகைபோக்கி துடைத்த தொழிலாளர்களுக்கு வந்த புற்றுநோய்க்குக் கரியே காரணம் என்று மருத்துவர் பெர்சிவல் பாட் 1775-லேயே எழுதினார். தொழிலால் வரும் புற்றுநோயைக் குறித்து மருத்துவ உலகம் அறிந்த முதற்செய்தி அது. வேலை முடிந்ததும் குளித்து, உடுத்திய துணியைத் தனியே துவையுங்கள்.

மற்றுமோர் எச்சரிக்கை. பழைய புகையில்லா அடுப்புகள் பலவற்றில் கல்நார் சிமெண்டுக் குழாய் பொருத்தப்பட்டுள்ளது. அதன் தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு. அதைக் கம்பித் துடைப்பத்தால் சுரண்டவோ, அறுக்கவோ, உடைக்கவோ வேண்டாம். நீர் தெளித்து ஈரமாக்கி மென்மையான துடைப்பத்தால் மட்டும் துடையுங்கள். வாய்ப்புள்ளபோது சுடுமண் குழாய்க்கோ உலோகக் குழாய்க்கோ மாறிவிடுங்கள்.

மலையிலும் கடல் கடந்தும்

மேட்டுநிலத்தின் குளிரைவிடக் கடுங்குளிர் நிலவும் இடங்களிலும் நம் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். உதகை, குன்னூர், கொடைக்கானல் ஆகிய ஊர்களின் பழைய பங்களாக்களில் கணப்படுப்புகள் உள்ளன. பல ஆண்டுகள் மூடிக்கிடந்த கணப்படுப்பை விருந்தினருக்காகத் திடீரென மூட்டுவது ஆபத்து. பறவைக் கூடும் பழைய படிவும் குழாயை அடைத்திருக்கலாம். முதலில் கொத்தனாரை அழைத்துக் குழாயைச் சோதித்துத் துடைத்த பின்னரே தீ மூட்ட வேண்டும்.

புகை வெளியேறாத அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, மயக்கம், பின்பு மரணம். குளிருக்கு அஞ்சிக் கதவையும் சன்னலையும் சாத்தி, கரிச்சட்டியை அறைக்குள் வைத்து உறங்கியோர் விழிக்காமலே போன செய்திகளை மலை ஊர்களிலிருந்து நாம் படித்திருக்கிறோம். எந்நிலையிலும் உறங்கும் அறையில் கரிச்சட்டி வேண்டாம்.

கனடாவில் வாழும் தமிழர்களுள் ஊர்ப்புறத்தில் வீடு வாங்குவோருக்கு விறகு அடுப்பு புதிய அனுபவமாக இருக்கலாம். பயிற்சி பெற்ற பரிசோதகர் அவ்வடுப்பையும் குழாயையும் பார்த்து அளித்த அறிக்கையை அங்குள்ள காப்பீட்டு நிறுவனங்கள் கேட்பது வழக்கம். வீட்டின் விலையைப் பேசுமுன்பே அதைக் கேட்டுப் பெறுவது நல்லது.

தீப்பிடித்துவிட்டால்

குழாய்க்குள் படிந்த பிசின் பற்றிக்கொண்டால் வெப்பம் 1,000 டிகிரியையும் தாண்டக் கூடும். ரயில் ஓடுவதுபோன்ற இரைச்சல், குழாய் உச்சியில் தீப்பொறி, செம்மையாகக் கனலும் உலோகம் ஆகியவை அதன் அறிகுறிகள். முதலில் வீட்டிலுள்ள அனைவரையும் வெளியேற்றுங்கள்; கொட்டிலில் உள்ள மாடுகளை அவிழ்த்து விடுங்கள். 101 அல்லது 112 என்ற எண்ணை அழையுங்கள். இயலுமானால் அடுப்பிலுள்ள தீயின் மேல் மணலைக் கொட்டி, அடுப்பின் வாயை மூடிக் காற்றைத் தடுங்கள். கனலும் குழாய்க்குள் நீர் ஊற்ற வேண்டாம்; அது வெடித்துச் சிதறலாம். அருகிலுள்ள ஓலைக் கூரையை நனைப்பது பயன் தரும். தீ அணைந்த பின்னரும், அறிந்தவர் சோதித்துப் பார்க்கும்வரை அவ்வடுப்பை மூட்டாதீர்கள்.

வீட்டிற்கான காப்பீட்டையும் இங்கே நினைவூட்டுகிறோம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் வழிகாட்டுதலின்படி 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள பாரத் கிருஹ ரக்ஷா என்னும் பொதுவான காப்பீட்டுத் திட்டம், வீட்டுக் கட்டடத்திற்கும் வீட்டுப் பொருள்களுக்கும் தீயினால் நேரும் இழப்பை ஈடுசெய்ய வழிசெய்கிறது. வீட்டுக் கடன் பெற்றோர் தங்கள் காப்பீடு நடப்பில் உள்ளதா என்பதைக் கிளையில் கேட்டு அறியலாம். ஆயினும் காப்பீடு பொருளுக்கு ஈடு தருமேயன்றி, பாட்டன் காலத்துப் பெட்டியையோ பிள்ளையின் படிப்புச் சான்றிதழையோ திருப்பித் தராது.

சாந்திபுரத்து அம்மையார் வீட்டிற்கு மீண்டும் வருவோம். அன்று பிற்பகல் கொத்தனார் குழாயின் அடைபட்ட பகுதியை மட்டும் மாற்றினார். மறுநாள் காலை, கோடையில் உலர்த்திய புளிய விறகை எடுத்துத் தீ மூட்டினார் அம்மையார். சிறிது நேரம் கழித்து முற்றத்தில் நின்று குழாயைப் பார்த்தோம்; நீல வானத்தில் புகை தென்படவில்லை. அவர் சமையலறைச் சுவரில் தொங்கும் எங்கள் வங்கி நாட்காட்டியில் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். அடுத்த மாதத்தில் குழாய் துடைக்க வேண்டிய நாள் அது.

உங்கள் வீட்டு நாட்காட்டியிலும் அப்படியொரு வட்டம் இருக்கட்டும்.